மருத்துவக் கல்லூரி நேர்காணல்: மனப்பாடம் கைகொடுக்குமா?

தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். இடத்துக்கு நேர்காணல் கிடையாது. நீட் மதிப்பெண், தரவரிசைப் பட்டியல், கலந்தாய்வு, அவ்வளவுதான். ஏன் டாக்டராக வேண்டும் என்று மாணவரைப் பார்த்து யாரும் கேட்பதில்லை. பிரிட்டனில் கதை வேறு. யுகேட் என்ற நுழைவுத் தேர்வு எழுதி, அக்டோபர் 15க்குள் யூகாஸ் என்ற பொது அமைப்பு வழியே விண்ணப்பம் அனுப்பி, பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவலுக்குப் பள்ளி தரும் உத்தேச மதிப்பெண்ணும் நன்றாக அமைந்தாலும், குளிர்காலத்தில் நேர்காணலுக்குப் போய் வாய் திறந்து பேசியே ஆகவேண்டும். அங்கே அடிக்கடி வருபவை இரண்டு கேள்விகள்: மருத்துவம் ஏன்? அதற்காக இதுவரை என்ன செய்தீர்கள், அதிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள்? பிள்ளையைத் தேர்வுக்குத் தயார்செய்வதில் கரைகண்ட தமிழ்க் குடும்பங்கள்கூட இந்த இரண்டு கேள்விகளின் முன்னால் தடுமாறுகின்றன. அந்தத் தடுமாற்றத்தில் பிறந்த நம்பிக்கைகள் பல. அவை எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: நேர்காணல் என்றால் நம்மிடம் உள்ளதைக் காட்சிக்கு வைக்கும் இடம் என்ற எண்ணம். தேர்வு செய்கிறவர்களோ, பார்த்ததைப் பற்றி மாணவர் எப்படி யோசிக்கிறார் என்பதைத்தான் எடைபோடுகிறார்கள். இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டால், தயாரிப்பின் திசையே மாறிவிடும்.

நம்பிக்கை 1: நேர்காணல் என்பது முகராசி. அதற்குத் தயாராக முடியாது.

உண்மை: ஒரு காலத்தில் இது ஏறக்குறைய சரியாகத்தான் இருந்தது. 1979இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலச் சட்டமன்றம், ஹூஸ்டன் மருத்துவக் கல்லூரி அந்த ஆண்டு 150 பேருக்குப் பதில் 200 பேரைச் சேர்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டது. அதற்குள் நேர்காணல் முடிந்து, நல்லவர்கள் என்று கருதப்பட்டவர்கள் சேர்ந்தும் விட்டார்கள். எனவே முதலில் நிராகரிக்கப்பட்டவர்களிலிருந்து 50 பேரைக் கூப்பிட்டுச் சேர்த்தார்கள். நேர்காணல் கண்ட சுமார் 800 பேரின் பட்டியலில் இவர்கள் கடைக்கோடியில் இருந்தவர்கள். பிறகு இரு கூட்டத்தாரையும் படிப்பு முடியும்வரையும், அதற்கடுத்த ஓராண்டுப் பயிற்சியிலும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தேர்ச்சியிலும் சரி, நோயாளிகளைக் கவனிக்கும் திறனிலும் சரி, சொல்லும்படியான வேறுபாடு ஏதும் இல்லை. 1987இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான இந்த ஆய்வு ஒன்றைத் தெளிவாக்கியது. நாலு வார்த்தை பேசிப் பார்த்தாலே ஆளைத் தெரியும் என்று நம்பிய பேராசிரியர்களுக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை.

இத்தகைய கசப்பான பாடங்களிலிருந்து வந்ததுதான் இன்றைய முறை. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கெவின் ஈவா, ஹரோல்ட் ரைட்டர், ஜாக் ரோசன்ஃபெல்ட், ஜெஃப்ரி நார்மன் ஆகியோர் ஒரு நீண்ட நேர்காணலைப் பல குறு நேர்காணல்களாக உடைத்தார்கள். 117 விண்ணப்பதாரர்களைப் பத்து அறைகளில் உட்காரவைத்துச் சோதித்த அவர்களது கட்டுரை 2004இல் வந்தது. ஓர் அறையில் பிரமாதமாகப் பேசியவர் அடுத்த அறையிலும் அப்படியே பேசுவார் என்று சொல்ல முடியாது என்பதே அவர்கள் கண்டதன் சாரம். அப்படியானால் ஒரே அறையின் முடிவை நம்பி ஒருவரின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது நியாயமில்லை. எம்எம்ஐ (மல்டிபிள் மினி இன்டர்வியூ) என்று அழைக்கப்படும் இந்த முறையைத்தான் இப்போது பிரிட்டனின் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் பின்பற்றுகின்றன. கதவுக்கு வெளியே கேள்வித்தாள், படிக்க ஓரிரு நிமிடம், மணி அடித்ததும் உள்ளே போய் ஐந்து முதல் எட்டு நிமிடம் பேச்சு, மறுபடி மணி, அடுத்த கதவு. ஒவ்வோர் அறையிலும் எதிரே இருப்பவரின் கையில் எந்தப் பண்புக்கு எவ்வளவு மதிப்பெண் என்ற தாள் இருக்கும். எல்லோருக்கும் அதே கேள்வி, அதே அளவுகோல். முகராசிக்கு இங்கே இடம் குறைவு. எதற்கு மதிப்பெண் என்று முன்கூட்டியே தெரிந்த ஒன்றுக்குத் தயாராக முடியாது என்பது சோம்பலுக்குச் சொல்லும் சாக்கு.

நம்பிக்கை 2: சிறுவயது முதலே டாக்டர் கனவு இருந்ததாகச் சொல்லவேண்டும்.

உண்மை: ஐந்து வயதில் பொம்மை ஸ்டெதாஸ்கோப், பத்து வயதில் தாத்தாவின் மாரடைப்பு, அன்றே எடுத்த முடிவு என்று தொடங்கும் பதிலை நேர்காணல் செய்பவர்கள் ஆண்டுதோறும் கேட்டுப் பழகியவர்கள். அது பொய்யாக இருக்கவேண்டும் என்பதில்லை. ஆனால் ஆசை எப்போது பிறந்தது என்பதற்கு மதிப்பெண் தாளில் கட்டம் கிடையாது. பிரிட்டிஷ் மருத்துவக் கல்லூரிகளின் கூட்டமைப்பான மெடிக்கல் ஸ்கூல்ஸ் கவுன்சில், மாணவரிடம் எதிர்பார்க்கும் பண்புகளின் பட்டியலை வெளியிட்டிருக்கிறது. மருத்துவத் தொழிலில் உண்மையான ஈடுபாடு, தன் பலம் பலவீனம் அறிந்திருத்தல், தான் செய்ததைத் திரும்பிப் பார்த்து யோசித்தல், குழுவாக வேலை செய்தல், நிச்சயமின்மையைச் சமாளித்தல், நேர்மை, பரிவு முதலியவை அதில் உள்ளன. ஈடுபாடு உண்மையா என்பதை வயதை வைத்துக் கணக்கிடமுடியாது. அந்த ஆசையை மாணவர் சோதித்துப் பார்த்தாரா என்பதை வைத்துத்தான் சொல்லமுடியும்.

மக்களுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன் என்ற பதிலைப் பாருங்கள். உடனே எதிர்க்கேள்வி வரும்: நர்ஸும் சேவைதானே செய்கிறார், ஏன் நர்ஸ் ஆகக்கூடாது? அறிவியல் பிடிக்கும் என்றால், ஆராய்ச்சியாளர் ஆகலாமே? இரண்டும் பிடிக்கும் என்பது பதிலாகாது, ஏனென்றால் மருந்தாளுநர், இயன்மருத்துவர், துணை மருத்துவர் எல்லோருக்கும் அது பொருந்தும். டாக்டரின் வேலைக்கே உரிய சுமை எது என்று மாணவர் கண்டறிந்திருக்கவேண்டும். முழுத் தகவல் கையில் இல்லாதபோதும் நோய் இன்னது என்று முடிவெடுப்பது, அந்த முடிவுக்குத் தானே பொறுப்பேற்பது, பல துறையினர் சொல்வதை ஒன்றாகச் சேர்த்து நோயாளிக்குப் புரியும்படி சொல்வது போன்றவை அவை. இதில் தன்னை ஈர்த்தது எது, பயமுறுத்தியது எது என்று சொல்லத் தெரிந்தவர் பதினேழு வயதில்தான் முடிவெடுத்தவராக இருந்தாலும் குறையொன்றும் இல்லை. வேறு படிப்பை யோசித்துவிட்டு மருத்துவத்துக்கு வந்தவர் அதை மறைக்கத் தேவையில்லை. ஒப்பிட்டுப் பார்த்து வந்தவரின் காரணம் பெரும்பாலும் உறுதியானது.

வீட்டில் எல்லோரும் டாக்டர் என்பதும் இதே வகை. பெற்றோரின் தொழில் ஒரு தொடக்கம்தான். அவர்கள் இரவு வேலை முடிந்து வந்த களைப்பைப் பார்த்தும் ஏன் இந்த வழி என்று கேட்டால் சொல்ல என்ன இருக்கிறது என்பதே கேள்வி.

நம்பிக்கை 3: பெரிய ஆஸ்பத்திரியில் பெரிய சர்ஜனோடு நின்ற அனுபவம் வேண்டும்.

உண்மை: தமிழ்க் குடும்பங்களில் அதிகப் பணமும் தூக்கமும் இழக்கப்படுவது இந்த நம்பிக்கையால்தான். தெரிந்த டாக்டர், தெரிந்த டாக்டரின் நண்பர் என்று ஆள்பிடித்து, பிள்ளையை அறுவை அரங்கின் மூலையில் இரண்டு நாள் நிற்கவைக்கிறார்கள். கோடை விடுமுறையில் ஊருக்கு அனுப்பி அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் சுற்றவைப்பவர்களும் உண்டு. ஆனால் மெடிக்கல் ஸ்கூல்ஸ் கவுன்சில் தன் வழிகாட்டலில் ஆஸ்பத்திரி அனுபவம்தான் வேண்டும் என்று வற்புறுத்தவில்லை. மக்களோடு பழகும், மக்களைக் கவனிக்கும் எந்த வேலையும் ஏற்கத்தக்கது என்கிறது. முதியோர் இல்லத்தில் தன்னார்வப் பணி, மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான விடுமுறை முகாம், கடையில் பகுதிநேர வேலை, வீட்டில் உடல்நலம் குன்றியவரைப் பார்த்துக்கொள்வது எல்லாமே கணக்கில் வரும். டாக்டரைத் தெரியாத வீட்டுப் பிள்ளைகளுக்காகப் பிரிட்டனின் குடும்ப மருத்துவர்களின் ராயல் காலேஜ் அப்சர்வ் ஜிபி என்ற இலவச இணையப் பாடத்தை நடத்துகிறது. பதினாறு வயது நிரம்பியவர்கள் அதில் ஒரு ஜிபியின், அதாவது குடும்ப மருத்துவரின், கிளினிக்கின் அன்றாடத்தைப் பார்க்கலாம்.

அறுவை அரங்கின் மூலையில் நிற்பதால் என்ன தெரியவரும்? சர்ஜனின் முதுகு தெரியும். அனுபவத்தின் அளவு பெரிதாக ஆக, அதில் மாணவரின் பங்கு சிறிதாகிப் போவதுதான் வழக்கம். சூப்பர்மார்க்கெட் கல்லாவில் கோபத்தோடு வந்த வாடிக்கையாளரைச் சமாளித்தவருக்கோ சொல்ல உண்மையான ஒன்று இருக்கிறது. அவர் என்ன சொன்னார், நான் என்ன செய்தேன், எது பலிக்கவில்லை, யாரை உதவிக்குக் கூப்பிட்டேன் என்று அவர் பேசலாம். அமெரிக்க விண்ணப்ப முறையும் இதையே சொல்லாமல் சொல்கிறது. அங்கே மருத்துவக் கல்லூரிகளுக்கான ஆம்காஸ் விண்ணப்பத்தில் 15 அனுபவங்கள் வரை எழுதலாம். ஆனால் அவற்றில் மூன்றை மட்டும் மிக முக்கியமானவை என்று தேர்ந்து, அவை ஏன் முக்கியம் என்று விரித்து எழுதச் சொல்கிறார்கள். பிரிட்டனில் 2026 சேர்க்கையிலிருந்து மாணவர் தன்னைப் பற்றி எழுதும் யூகாஸ் தனிக்கூற்று மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள் என்பதோடு நில்லாமல், அந்த அனுபவங்கள் ஏன் பயன்படும் என்றும் மூன்றாவது கேள்வி கேட்கிறது. எண்ணிக்கை ஒரு வரியில் முடிந்துவிடும். காரணத்துக்குத்தான் இடம் அதிகம்.

நம்பிக்கை 4: மாதிரி விடைகளைக் கோச்சிங்கில் மனப்பாடம் செய்தால் போதும்.

உண்மை: ஆஸ்திரேலியாவில் பார்பரா கிரிஃபின் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், கோச்சிங் எடுத்தவர்கள் எம்எம்ஐயில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்துவிடவில்லை. மக்மாஸ்டர் குழு இன்னும் ஒரு படி போய், கேள்விகள் முன்கூட்டியே கசிந்தால் என்ன ஆகும் என்று 2006இல் சோதித்தது. கேள்வி தெரிந்து வந்தவர்களுக்கு அதனால் குறிப்பிடத்தக்க ஆதாயம் இல்லை. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. இந்தக் கேள்விகளுக்கு ஒரே சரியான விடை கிடையாது. முதல் பதில் ஒரு நுழைவாயில்தான். அதைத் தொடர்ந்து வரும் துணைக்கேள்விகளில்தான் மதிப்பெண் ஏறுவதும் இறங்குவதும்.

அதைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்க்கலாம். முதியோர் இல்லத்தில் தன்னார்வப் பணி செய்த ஒரு மாணவர் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "அங்கே நான் பரிவு, பொறுமை, குழுப்பணி, தகவல் தொடர்புத் திறன் ஆகியவற்றைக் கற்றுக்கொண்டேன்." கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. அடுத்து, "பரிவு என்றீர்களே, எந்தச் சம்பவத்தில்?" என்று கேட்டதும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. இன்னொரு மாணவர் வேறுமாதிரி தொடங்குகிறார். மறதிநோய் உள்ள ஒரு பாட்டி தினமும் மாலை நான்கு மணிக்குத் தன் கணவர் எப்போது வருவார் என்று கேட்பார். கணவர் இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. முதல் நாள் மாணவர் உண்மையைச் சொல்லிவிட்டார். பாட்டி அந்தச் செய்தியை அன்றுதான் கேட்பதுபோல் அழுதார். மறுநாள் அங்கே வேலைசெய்யும் பெண் வேறுவிதமாகக் கையாண்டதை மாணவர் கவனித்தார். "அவர் எப்படிப்பட்டவர், சொல்லுங்களேன்" என்று அந்தப் பெண் கேட்க, பாட்டி கணவரைப் பற்றிப் பேசத் தொடங்கி அமைதியானார். பொய்யும் சொல்லவில்லை, காயமும் படவில்லை. நேர்மை என்றால் தெரிந்ததையெல்லாம் சொல்லிவிடுவது என்று நினைத்திருந்தேன், அது போதாது என்று அன்று தெரிந்தது என்கிறார் மாணவர். இப்போது "டாக்டராக இருந்தால் நோயாளியிடம் எதையாவது மறைக்கலாமா?" என்று துணைக்கேள்வி வந்தால் அவருக்குப் பயமில்லை. ஏற்கெனவே அந்த இடத்தில் நின்று யோசித்தவர் அவர்.

இரண்டு பேரும் போனது ஒரே மாதிரியான இல்லம்தான். முதலாமவர் பண்புகளின் பெயர்களை அடுக்கினார். இரண்டாமவர் அப்படி அடுக்கவில்லை, ஆனால் மதிப்பெண் தாளில் பரிவு, நேர்மை, மற்றவரிடம் கற்றல், தன் தவற்றை உணர்தல் என்று நான்கு கட்டங்கள் தாமாக நிரம்பின. பாட்டியின் பெயரையோ அடையாளத்தையோ அவர் வெளியிடவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். நோயாளியின் ரகசியம் காப்பது டாக்டர் ஆனபிறகு வரும் கடமை என்று நினைத்து நேர்காணலில் பெயர், ஊர் எல்லாம் சொல்லிவிடுகிறவர் அந்த இடத்திலேயே சறுக்குகிறார்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். யோசித்ததுபோலப் பேசுவதையும் பயிற்சியில் கற்றுக்கொள்ளலாமே, அதுவும் நடிப்பாகாதா? ஆகலாம். ஆனால் கற்பனைச் சம்பவம் இரண்டாவது, மூன்றாவது துணைக்கேள்வியைத் தாங்குவது கடினம். விவரங்கள் ஒன்றோடொன்று இடிக்கத் தொடங்கும். நடந்த ஒன்றைப் பற்றி உண்மையிலேயே யோசிக்கக் கோச்சிங் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தாலோ, அதை நடிப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. மருத்துவக் கல்லூரியும் அதையேதான் ஐந்து ஆண்டுகள் கற்றுக்கொடுக்கப் போகிறது. சூழல், பணி, செயல், விளைவு என்ற வரிசையில் சொல்லப் பழகுவது தவறில்லை, விளைவோடு நின்றுவிடாமல் அதன்பிறகு எதை மாற்றிக்கொண்டேன் என்பதுவரை போகும் பட்சத்தில்.

நம்பிக்கை 5: நல்லதை மட்டும் சொல்லவேண்டும், சந்தேகம் எதையும் காட்டக்கூடாது.

உண்மை: மருத்துவத் தொழிலில் உங்களுக்குப் பிடிக்காதது எது என்று கேட்டால், எல்லாமே பிடிக்கும் என்பது மோசமான பதில்களில் ஒன்று. அது தொழிலைப் பற்றி எதுவும் தெரியாது என்பதன் மறுபெயர். பிரிட்டனில் இளநிலை டாக்டர்கள் 2023 மார்ச் முதல் பலமுறை வேலைநிறுத்தம் செய்தது ஊரறிந்த செய்தி. ஐந்து ஆண்டுப் படிப்பும் இரண்டு ஆண்டு ஃபவுண்டேஷன் பயிற்சியும் முடிந்தபிறகும், சிறப்புப் பயிற்சி இடங்களுக்குப் போட்டி கடுமை. இதையெல்லாம் படித்தறிந்து, அப்படியும் ஏன் வருகிறேன் என்று சொல்பவரின் விருப்பத்தைத்தான் நம்பமுடியும். பலவீனம் என்ன என்ற கேள்விக்கும் இதுவே பொருந்தும். எல்லாவற்றையும் குறையில்லாமல் செய்ய நினைப்பதுதான் என் பலவீனம் என்று பெருமையைப் பலவீனமாக உடுத்திவருவது யாரையும் ஏமாற்றாது. உதவி கேட்கத் தாமதிப்பேன், ஒருமுறை அதனால் இன்னது நடந்தது, இப்போது இப்படிச் செய்கிறேன் என்பது சிறியதாக இருந்தாலும் மெய்யான பதில்.

நம் பிள்ளைகளுக்கு இதில் எதிர்ப்பக்கத்துச் சிக்கலும் உண்டு. தன்னைப் பற்றித் தானே பேசுவது அடக்கமின்மை என்று வளர்ந்தவர்கள், தாங்கள் செய்ததையும் குழுவின் பேரில் எழுதிவிடுவார்கள். எல்லோரும் சேர்ந்து செய்தோம் என்ற பதிலில் மதிப்பெண் போடுபவருக்குப் பிடிகிடைக்காது. கூட்டுவேலையில் தன் கையால் நடந்தது எது என்று சொல்வது தற்பெருமை ஆகாது, சாட்சி சொல்வது போன்றது அது.

நம்பிக்கை 6: நேர்காணல் வசதியுள்ளவர்களுக்கு வைத்த வாசல்.

உண்மை: இது மற்றவற்றைப் போலத் தள்ளிவிடக்கூடியதன்று. தமிழ்நாட்டின் நினைவிலேயே அதற்கு ஆதாரம் இருக்கிறது. 1970இல் எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கு 275 மதிப்பெண்ணில் 75 நேர்காணலுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தச் சேர்க்கை தொடர்பான பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அது அதிகம் என்று கருத்துச் சொன்னது. பேச்சும் உடையும் குடும்பப் பெயரும் மதிப்பெண்ணாக மாறும் என்ற அச்சம் நியாயமானது. ஹூஸ்டன் ஆய்வும் அந்த அச்சத்தை வேறு பக்கத்திலிருந்து உறுதிசெய்கிறது.

ஆனால் அந்த ஆதாரங்கள் குற்றம்சாட்டுவது கட்டுப்பாடில்லாத நேர்காணலை. கேள்வியும் அளவுகோலும் எல்லோருக்கும் ஒன்றாக அமைந்த நேர்காணலின் கணக்கு வேறு. வேலைக்கு ஆள் எடுக்கும் முறைகளைப் பற்றிய பல பத்தாண்டு ஆய்வுகளைப் பால் சாக்கெட் குழுவினர் 2022இல் மறுபடி கணக்கிட்டபோது, பிற்காலச் செயல்திறனை முன்கூட்டிச் சொல்வதில் ஒழுங்கமைத்த நேர்காணலே முதலிடம் பெற்றது. மருத்துவத்திலும், மக்மாஸ்டரில் எம்எம்ஐ வழியே ஏற்கப்பட்டவர்கள், அங்கே நிராகரிக்கப்பட்டு வேறு கனடியக் கல்லூரிகளில் படித்தவர்களைவிட, தேசிய உரிமத் தேர்வுகளில் அதிக மதிப்பெண் பெற்றதை 2012இல் ஈவா குழுவினர் காட்டினார்கள். இதனால் நேர்காணல் பிழையற்றது என்று ஆகிவிடாது. நிராகரிக்கப்பட்டவர் டாக்டராகத் தகுதியற்றவர் என்றும் ஆகாது. 1979இன் அந்த 50 பேர் அதற்குச் சாட்சி. வசதி குறைந்த பிள்ளைக்குச் சாதகமான ஒன்றும் இந்த முறையில் இருக்கிறது. அனுபவத்தின் பளபளப்புக்கு மதிப்பெண் இல்லை என்றால், சர்ஜன் மாமா இல்லாதவர் இழப்பதும் குறைவு. வீட்டில் சர்க்கரை நோயுள்ள பாட்டிக்கு ஜிபியிடம் போய் மொழிபெயர்த்துச் சொன்ன பிள்ளைக்கு, சர்ஜன் பின்னால் நின்ற பிள்ளையைவிடப் பேச அதிகம் இருக்கலாம். மருந்தைப் பாட்டி ஏன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை, டாக்டர் கேட்காத கேள்வி எது என்று மொழிபெயர்த்த பிள்ளைக்குத் தெரியும். அது ஓர் அனுபவம் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லாததுதான் குறை.

ஆகவே தயாரிப்பு தொடங்கவேண்டிய இடம் கேள்வித் தொகுப்புப் புத்தகம் அன்று. வேலையோ தன்னார்வப் பணியோ வீட்டுப் பொறுப்போ, போய்வந்த அன்றிரவே ஒரு பக்கம் எழுதவேண்டும்: என்ன நடந்தது, நான் என்ன செய்தேன், எது எதிர்பார்த்தபடி நடக்கவில்லை, அடுத்தமுறை எதை மாற்றுவேன். தேதி போட்டு எழுதினால் மூன்று மாதம் கழித்து நினைவு ஏமாற்றாது. நேர்காணலுக்கு முன் அந்தப் பக்கங்களில் ஐந்தாறு சம்பவங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் பல கோணங்களில் பேசிப் பார்க்கவேண்டும். ஒரே சம்பவம் குழுப்பணிக் கேள்விக்கும் தவறு பற்றிய கேள்விக்கும் பயன்படும். பேசுவதைக் கேட்க டாக்டர்தான் வேண்டும் என்பதில்லை. குறுக்கே புகுந்து "ஏன்?" "அப்புறம்?" என்று கேட்கத் தெரிந்த யாராக இருந்தாலும் போதும். வாக்கியங்களை நெட்டுருப் போடாமல் சம்பவத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்லிப் பழகினால், கேள்வி எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் பதில் வரும். பெற்றோர் செய்யக்கூடிய பெரிய உதவி ஆள்பிடித்துக் கொடுப்பதில் இல்லை. பிள்ளை வேலை முடிந்து வந்ததும் இன்று என்ன பார்த்தாய் என்று கேட்டு, பதிலை முழுதாகக் கேட்பதில் இருக்கிறது. இந்த ஆண்டு இடம் கிடைக்காமல் போனாலும் அந்தப் பழக்கம் வீணாகாது. நோயாளி சொல்வதைக் கேட்டு, நடந்ததைத் திரும்பிப் பார்த்து, அடுத்தமுறை வேறுவிதமாகச் செய்வதைத்தான் டாக்டர்கள் ஆயுள் முழுக்கச் செய்கிறார்கள்.